மூன்று வருட மக்கிரியும் ஒரு முழம் கட்டுக்கம்பியும்

போன வாரம் வெங்காயம் சேமித்து வைத்த பட்டறையைப் பிரிக்க வந்த தங்கை வீட்டுக்காரர் கேட்டார்: "ஏனுங்க மச்சான், வெங்காயம் அள்ள மக்கிரி வாங்கலாமுங்களா, பிளாஸ்டிக் கூடையே போதுமுங்களா?"

மக்கிரி என்றால் எங்கள் பக்கம் மூங்கில் கூடை. நான் இரண்டு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வெங்காயத்துக்கு ஒன்று, சாணிக்கு ஒன்று. வெங்காய மக்கிரியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு உலுக்கு உலுக்கினால் மண்ணும் சருகும் சந்து வழியாக உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக்கில் ராத்திரி வைத்த வெங்காயம் காலையில் வேர்த்துக் கிடக்கும். இதில் அடி வரை கையை விட்டாலும் சலசலவென்று இருக்கும்.

சாணிக் கூடைதான் வயிற்றெரிச்சல். பின்னலில் குறையில்லை. கூடையின் வாய் விளிம்பைப் பத்தையால், அதாவது மூங்கில் கீற்றால், கட்டாமல் கட்டுக்கம்பியால் சுற்றி விற்றிருக்கிறார்கள். சாணி ஈரத்தில் எட்டே மாதத்தில் துருவேறி, அறுந்த முனை என் உள்ளங்கையைக் கிழித்தது. நான் திரும்பவும் கம்பியே கட்டினேன், அதுவும் போச்சு.

கடைசியில் பக்கத்து ஊரில் கூடை முடைகிற அம்மாவிடம் கொண்டுபோனேன். "பச்சை மூங்கில்ல முடைஞ்சதுங்க கண்ணு. காயக் காயப் பத்தை சுருங்கி வாய் தொளதொளன்னு ஆயிரும்" என்றார். ஒரு பத்தையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். தோல் பக்கம் நகம் வழுக்கியது. உள்பக்கம் மாவாக உதிர்ந்தது. உளுப்பூச்சி தேடி வருவது அந்த மாவுக்குத்தான். தோல் பத்தையாகப் பார்த்து எடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, விளிம்புக்கு உள்ளும் வெளியும் வளையம் வைத்து இறுக்கிக் கட்டினார். கூலி எண்பது ரூபாய். ஒரு வருடமாக அசையவில்லை.

ஒரு மூங்கிலைப் பிளந்தால் தோல் பத்தை கொஞ்சம்தான் தேறும், கம்பி சுற்றினால் வேலை சீக்கிரம் முடியும். அது எனக்கும் புரிகிறது. வெட்டவும் கொண்டுபோகவும் சிக்கல் இருக்கக் கூடாது என்று, வனத்துக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017-இல் சட்டத்தில் மரக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் பக்கம் வரப்பில் மூங்கில் வைத்தவர் ஒருவரும் இல்லை. அந்த அம்மாவுக்கு மூங்கில் லாரியில்தான் வருகிறது.

சரி, வாங்கலாமா? இந்த வருடம் வேண்டாம் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். சந்தையில் திருப்பிப் பார்த்த கூடையில் எல்லாம் கம்பிதான் மினுக்குகிறது. அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் வெங்காய மக்கிரியை எடுத்துப் போங்கள், பட்டறை காலியானதும் கொண்டுவந்து கொடுத்தால் போதும். ஈரத்தில் மட்டும் வைக்காதீர்கள்.