ஒரு கேமராவா, இரண்டா? சின்ன பட்ஜெட் காமெடிக்கு எது சரி

நண்பர்கள் கலாய்த்துக்கொள்ளும் காட்சியை ஒரே கேமராவில் எடுத்தால் ஒவ்வொரு முகத்துக்கும் தனியாக லைட் வைக்கலாம். படம் அழகாக வரும். ஆனால் நடிகர் திடீரென்று சொந்தமாக ஒரு வரி சொல்லிவிட்டால், எதிரே இருப்பவரின் நிஜச் சிரிப்பு பதிவாகாது. கேமராவைத் திருப்பி மறுபடி எடுப்பதற்குள் அந்தச் சிரிப்பு செத்துப்போயிருக்கும். கிளாஸ் எந்தக் கையில் இருந்தது என்று ஷாட்டுக்கு ஷாட் பொருத்திப் பார்க்கும் கன்டினியூட்டி தலைவலி வேறு.

இரண்டு கேமரா ஓடினால், வசனம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் எடிட்டர் சமாளித்துவிடுவார். இரண்டும், பேசும் நடிகர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கம் நிற்கட்டும். ஒயிட் பேலன்ஸும் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்) நொடிக்கு 24 ஃபிரேம் வேகமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். வைடும் க்ளோசப்பும் சேர்ந்து ஓடும்போது நீளக் கம்பில் பிடிக்கும் பூம் மைக் வைடில் தெரிந்துவிடும் என்பதால் நெருங்க முடியாது, சட்டையில் மாட்டும் லேப்பல் மைக் கட்டாயம்.

நிதானமான காதல் காட்சிக்கோ ஒரு கேமராவே மேல்.