அடிவாரப் புல்வெளிப் பாதைக்கு ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

மவுன்டன் பைக் என்றதும் பாறையும் பள்ளமுமாகக் கற்பனை செய்துகொண்டு வண்டி தேடுகிறவர்கள் அதிகம். மலையடிவாரத்தில் புல்வெளி நடுவே போகும் ஒற்றையடிப் பாதை அப்படி இருக்காது. பெரும்பாலும் இறுகிய மண், அங்கங்கே சரளை, ஓடை குறுக்கிடும் இடத்தில் கொஞ்சம் கூழாங்கல், பிறகு நீளமான ஏற்றம். இதற்கு முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதுமா, பின்னாலும் ஷாக் வைத்த ஃபுல் சஸ்பென்ஷன் வேண்டுமா? நான் ஹார்ட்டெயில் எடுத்தவன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அது தெரிந்தே படியுங்கள்.

எல்லோரும் சொல்வதைச் சட்டென்று முடித்துவிடலாம். ஒரே விலையில் ஹார்ட்டெயிலுக்கு எடை குறைவு. மிதிக்கும் பலம் வீணாகாமல் சக்கரத்துக்குப் போகும். ஃபுல் சஸ்பென்ஷன் இறக்கத்தில் தரையை விடாமல் பிடிக்கும், முதுகும் தப்பிக்கும். ஏற்றத்தில் பின்பக்கம் ஆடினால் ஷாக்கில் உள்ள லீவரைத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். இறங்கும்போது அதைத் திறந்துவிட மறக்காதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு இடத்தில் மட்டும் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்: மாடு மேய்ந்த புல்வெளி. ஈர மண்ணில் பதிந்த குளம்புத் தடங்கள் வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். மேலே புல் மூடிவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது. ஹார்ட்டெயிலில் அதன்மேல் உட்கார்ந்து மிதிக்க முடியாது. சீட் கீழிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். எழுந்து நின்று, முழங்காலைத் தளர்த்தித்தான் கடக்க வேண்டும். நண்பரின் ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில் அதே இடத்தை உட்கார்ந்தபடியே தாண்டியபோது பொறாமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஏன் ஹார்ட்டெயில்? பராமரிப்பு.

இந்த விளையாட்டு பிறந்ததே அந்தத் தொல்லையோடுதான். 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டவர்கள், ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பின்சக்கர ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) திறந்து புது கிரீஸ் வைக்க வேண்டியிருந்தது. ஹப்புக்குள்ளேயே இருந்த பிரேக்கின் சூட்டில் கிரீஸ் புகைந்து போய்விடும். இப்போது டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. கிரீஸ் வேலை மட்டும் ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியின் அசையும் மூட்டுகளான பிவட்டுகளுக்கு இடம் மாறியிருக்கிறது.

பின்பகுதி அசைவதற்காக ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேமில் பல மூட்டுகள் உண்டு; பெரும்பாலான வண்டிகளில் அவற்றுக்குள் சீல் செய்த பேரிங்குகள். வறண்ட புல்வெளிப் பாதையில் இவற்றுக்கு எதிரி பொடித் தூசி. அது சீலின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பிரஷர் வாட்டர் அடித்தால் கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். பேரிங் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். பின்சக்கரம் தரையை விடும் முன்பே கையில் ‘டக்’ என்று ஒரு ஆட்டம் தட்டுப்பட்டால் எங்கோ இடைவெளி விழுந்துவிட்டது. அது ஷாக்கை ஃபிரேமில் மாட்டும் இடத்திலுள்ள புஷ் வளையமாகவும் இருக்கலாம், பிவட் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவர் தூக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாற்றுவதற்கு பேரிங் பிரஸ் தேவை. சுத்தியலால் தட்டி ஏற்றினால் கோணலாக உட்கார்ந்து, புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது, ஆகவே டார்க் ரெஞ்சும் வேண்டும்.

ஷாக் தனி அத்தியாயம். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் ஷாக்குகளின் ஏர் கேனை (காற்று அடைக்கும் உறையை) 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது. இன்னொரு நிறுவனமான ஃபாக்ஸ் சொல்வது 125 மணி நேரம் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. வாரம் 4 மணி நேரம் ஓட்டினாலே 50 மணி நேரம் மூன்று மாதத்தில் வந்துவிடும். ஹார்ட்டெயிலின் முன்பக்க சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்கும் சர்வீஸ் உண்டுதான், அதில் தப்பிக்க முடியாது. ஆனால் அதோடு முடிந்தது. ஷாக்கையே மாற்ற நேர்ந்தால் நீளம், ஸ்ட்ரோக் (அது அமுங்கும் தூரம்) இரண்டும் ஃபிரேமுக்குப் பொருந்த வேண்டும். கைக்குக் கிடைத்ததை மாட்ட முடியாது.

இதில் மிச்சமாகும் நேரத்தை நான் டயருக்குக் கொடுக்கிறேன். 2.4 அங்குல டியூப்லெஸ் டயர், உடல் எடைக்கேற்ப 20 முதல் 25 பிஎஸ்ஐ வரை காற்று. மண் பாதையின் சின்னச் சின்ன அதிர்வுகளை அதுவே விழுங்கிவிடுகிறது. நெருஞ்சி முள் காய்ந்து கிடக்கும் ஓரங்களில் டியூப் போட்ட டயர் நிற்காது, அது எந்த வண்டியானாலும். டியூப்லெஸ்ஸில் முள்ளைப் பிடுங்கியதும் காற்று சீறும். துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் சீலன்ட் உள்ளேயே காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும்.

பாறைப் படிகளும் வேர்களுமான நீண்ட இறக்கங்களில் என் அனுபவம் குறைவு. இந்த வாதத்தை அங்கே வரை இழுக்க மாட்டேன். முதுகுவலி உள்ளவர்கள், நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் விஷயத்திலும் அப்படித்தான். அவர்கள் ஃபுல் சஸ்பென்ஷனே வாங்கட்டும். இந்த மாதிரிப் பாதைக்கு 120 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம்) தாராளம், 150 தேவையே இல்லை. பழைய வண்டி என்றால் ஷாக்கின் காற்றை இறக்கி, ஒரு பக்க போல்ட்டைக் கழற்றி, பின்பகுதியைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கினால் சரி. நறநறவென்றாலோ, பாதியில் பிடித்தாலோ, பேரிங் செட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.