ஒரே தேதியின் கீழ் பல நூற்றாண்டுகள்: ஒரு மேசை நாள்காட்டியின் மதிப்புரை

ஓராண்டு முழுவதும் என் மேசையில் நின்ற வரலாற்று நாள்காட்டி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. கிழமை இல்லாமல் தேதி மட்டும் அச்சிட்ட 366 தாள்கள், மேல்விளிம்பில் கம்பிச் சுருளில் கோக்கப்பட்டு, கூடாரம்போல் மடித்து நிறுத்திய கெட்டி அட்டையின் மேல் புரள்கின்றன. கிழமை இல்லாததால் டிசம்பர் முடிந்ததும் எடைக்குப் போட வேண்டிய பொருளாக அது ஆகிவிடுவதில்லை; மறுபடியும் ஜனவரி 1-க்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தாளிலும் அந்தத் தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்த நான்கைந்து நிகழ்வுகள், ஆண்டு வரிசையில், நிகழ்வுக்கு இரண்டு வரி என்ற கணக்கில் தரப்பட்டிருக்கின்றன. காலையில் தாளைப் புரட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது இரண்டு வாரத்துக்குள் பழக்கமாகிவிட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த நாள்காட்டியின் பலம், பலவீனம் இரண்டையும் காட்ட நவம்பர் 9-ஆம் தேதித் தாள் ஒன்றே போதும். 1918-இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடிதுறந்ததாக அறிவிக்கப்பட்டு, பெர்லினில் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. 1923-இல் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி, காவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் சிதறியது. 1938-இல் யூதர்களின் தொழுகைக்கூடங்களும் கடைகளும் நாடெங்கும் சூறையாடப்பட்டன. 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது. நான்கையும் ஒருசேரப் படித்தபோது ஏதோ ஒரு விதி அந்தத் தேதியைப் பிடித்து ஆட்டுவதுபோல எனக்கும்தான் தோன்றியது. ஆனால் 1938-ஆம் ஆண்டு வன்முறை அந்த இரவில் வெடித்ததற்குக் காரணம் உண்டு: 1923-இல் செத்த தம் ஆட்களை நினைவுகூர நாஜித் தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்தார்கள், பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்ததும் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அந்தக் கூட்டத்திலேயே பேசித் தூண்டிவிட்டார். 1989-ஆம் ஆண்டு நிகழ்வோ வெறும் தற்செயல். கிழக்கு ஜெர்மானியரின் பயண விதித் தளர்வு எப்போது நடைமுறைக்கு வரும் என்று செய்தியாளர் கேட்க, ஆளும் கட்சியின் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உடனடியாக என்று சொல்லிவிட்டார். அன்றிரவே மக்கள் எல்லைச் சாவடிகளில் குவிந்தார்கள். தாளில் இவற்றில் எதுவும் இல்லை. இத்தனை சுமையைத் தாங்கிய தேதி என்பதாலேயே அது ஜெர்மனியின் ஒருமைப்பாட்டு நாளாக ஏற்கப்படாமல் அக்டோபர் 3 அந்த இடத்துக்கு வந்தது என்ற சுவையான செய்திக்கும் இடம் கிடைக்கவில்லை.

என் முதன்மையான குறை இதுதான். இரு நிகழ்வுகள் ஒரே தேதியில் அமைவது தற்செயலாகவும் நேரலாம், யாரோ வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததாலும் நேரலாம். தொகுத்தவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். டிசம்பர் 2-ஆம் தேதித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1804-இல் நெப்போலியன் முடிசூடிய நாள் அது. மறு ஆண்டு அதே நாளில் ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் வென்றார். 1851-இல் அவருடைய தம்பி மகன் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதும் அதே தேதிதான். பெரியப்பாவின் புகழை இரவல் வாங்கவே அந்த நாளைப் பொறுக்கியெடுத்தார் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் தாளே உயிர் பெற்றிருக்கும். ஆகஸ்ட் 15-உம் அப்படித்தான்: இந்தியாவின் ஆட்சி மாற்றத்துக்கு மவுன்ட்பேட்டன் அந்தத் தேதியைச் சொன்னது, 1945-இல் ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதற்காக. ஜனவரி 26-ஆம் தேதித் தாள் மட்டும் விதிவிலக்கு. 1949 நவம்பரிலேயே ஏற்கப்பட்ட அரசியலமைப்பு, 1930-ஆம் ஆண்டின் முழு விடுதலை உறுதிமொழி நாளுக்காகவே இரண்டு மாதம் காத்திருந்து நடைமுறைக்கு வந்தது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள்தான் என்பதால் மற்ற இடங்களில் கோபம் கூடுகிறது.

தற்செயல்களைத் தொகுத்த விதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. அமெரிக்க விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்டு சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1826 ஜூலை 4 அன்று, முன்னாள் அதிபர்கள் ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன் இருவரும் சில மணி நேர இடைவெளியில் மறைந்ததும், ஐந்தாண்டு கழித்து அதே தேதியில் இன்னொரு முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மன்ரோ மறைந்ததும் ஒரே தாளில் அழகாக அடுக்கப்பட்டுள்ளன. டார்வினும் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 அன்று பிறந்தவர்கள் என்பது பலருக்குத் தெரிந்ததே. காந்தி பிறந்த அக்டோபர் 2-இல் லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும் 1975-இல் காமராசர் மறைந்ததும் சேர்ந்திருப்பது தமிழ் வாசகருக்குப் புதிதாக இராது. அட்டையின் பின்புறத்தில் “நாள்களின் மர்மம்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். இருப்பதோ 366 தேதிகள், நிகழ்வுகளோ ஆயிரக்கணக்கில். மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் மர்மம்.

அப்பட்டமான பிழை ஒன்றும் உண்டு. ஏப்ரல் 23-ஆம் தேதித் தாளில், 1616-இல் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஸ்பெயின் 1582-லேயே இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியன் நாள்காட்டி முறைக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை, அப்போது பத்து நாள் பின்தங்கியிருந்த பழைய ஜூலியன் முறையில் இருந்தது. ஆகவே இங்கிலாந்தின் ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3. போதாததற்கு, செர்வான்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி என்றும் 23 அடக்கம் நடந்த நாள் என்றும் இன்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஒரே தேதி சரி, ஒரே நாள் தவறு. இந்த வேறுபாடு தொகுத்தவர்களுக்குத் தெரியாததும் அன்று; நவம்பர் 7-ஆம் தேதித் தாளில் ரஷ்யப் புரட்சிக்குக் கீழே, பழைய கணக்கில் அக்டோபர் 25 என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்கள். அதே கவனம் நியூட்டனுக்கும் கிடைக்கவில்லை. அவரை டிசம்பர் 25-இல் உட்கார வைத்து, கலிலியோ மறைந்த 1642-ஆம் ஆண்டிலேயே பிறந்தார் என்று சேர்த்துவிட்டார்கள். கலிலியோவின் இத்தாலியில் வழங்கிய கணக்குப்படி பார்த்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

கடிகாரமும் இதே குழப்பத்தை உண்டாக்குகிறது. 1941-இல் ஹவாயில் ஜப்பான் நடத்திய பேர்ல் துறைமுகத் தாக்குதல் டிசம்பர் 7-ஆம் தேதித் தாளிலும், மலாயாவின் கோத்தா பாரு கரையில் ஜப்பானியப் படை இறங்கியது 8-ஆம் தேதித் தாளிலும் உள்ளன. இரண்டுக்கும் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு இருப்பதால், அந்தந்த இடத்துத் தேதிப்படி சரிதான். ஆனால் கோத்தா பாருவில் சண்டை தொடங்கியது பேர்ல் துறைமுகத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு. தாளைப் புரட்டுகிறவர் முன்னது பின்னாகவே புரிந்துகொள்வார்.

பொருளாக இதன் தரம் நன்று. மை மறுபக்கம் ஊறவில்லை, எழுத்து கண்ணை உறுத்தவில்லை. ஆகஸ்ட் வாக்கில் கம்பிச் சுருளின் ஒரு முனை பிரிந்து தாளைக் கீறத் தொடங்கியது, குறட்டால் மடக்கிவிட்டேன். பெயர் அகரவரிசை இல்லாதது பெருங்குறை: நெப்போலியன் எந்தெந்தத் தாள்களில் வருகிறார் என்று பார்க்க 366-ஐயும் புரட்ட வேண்டியிருக்கிறது. பிப்ரவரி 29-க்கும் முழுத் தாள் ஒதுக்கி, 1896-இல் பிறந்த மொரார்ஜி தேசாய்க்கு, 1900 லீப் ஆண்டாக இல்லாததால், முதல் பிறந்தநாள் எட்டாம் வயதில்தான் வந்தது என்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்தேன்.

ஏப்ரல் பிழையைப் பதிப்பகத்துக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் கவனிப்பதாக மரியாதையான பதில் வந்தது. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். வாங்குகிறவர்கள் கூடவே ஒரு பென்சிலையும் வைத்துக்கொள்வது நல்லது. என் பிரதியில் ஷேக்ஸ்பியருக்கு எதிரே “மே 3” என்று எழுதியிருக்கிறேன். டிசம்பர் 8-ஆம் தேதித் தாளின் மேல்மூலையில், பின்னோக்கி 7-ஐக் காட்டும் ஓர் அம்புக்குறி இருக்கிறது.