மருந்துக் குப்பியில் ஒரு சின்னச் சதுரம்: 18 வருட அனுபவம்

கிராம சுகாதார செவிலியராக 18 வருடமாக வேலை பார்க்கிறேன். என் கையில் அதிகம் புழங்கிய சென்சார், தடுப்பூசிக் குப்பியில் இருக்கும் வி.வி.எம். (வேக்சின் வயல் மானிட்டர், மருந்துக்கு வெப்பம் பட்டதைக் காட்டும் அடையாளம்) தான். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. ஊதா வட்டத்துக்குள் ஒரு வெளிர் சதுரம், அவ்வளவுதான். சதுரத்தில் இருக்கும் பூச்சு வெப்பம் பட்டால் கருத்துக்கொண்டே போகும்; மறுபடி குளிரில் வைத்தாலும் பழைய நிறம் திரும்பாது. வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம், ஒரே நிறமாகிவிட்டால் ஒதுக்க வேண்டும். 1996இல் முதலில் போலியோ சொட்டு மருந்தில்தான் வந்தது.

ஒரு மே மாதம், முகாமுக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. போய்ச் சேர்வதற்குள் கேரியரில் (தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்ப்பெட்டி) ஐஸ் எல்லாம் தண்ணீர். "மொத்தத்தையும் கொட்டிடலாமா சிஸ்டர்?" என்றார் அங்கன்வாடி அக்கா. குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். போலியோ கொஞ்சம் கருத்திருந்தது, ஆனாலும் வட்டத்தைவிட வெளிறல்தான். ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியான பெண்டாவேலண்டில் மாற்றமே தெரியவில்லை. மருந்துக்கு மருந்து பூச்சு வேறு: 37 டிகிரியில் போலியோவின் சதுரம் 2 நாளில் கருத்துவிடும், ஹெபடைடிஸ் பி-க்கு 30 நாள் ஆகும். டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்த ஒரு தாயைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

குறை என்றால் ஒன்று, அதுவும் பெரியது. மருந்து உறைந்துபோனதை இது சொல்லாது. பெண்டாவேலண்ட் உறைந்தால் வீண், சதுரமோ வெளிறலாகவே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் அடுக்கிவிட்டேன். சதுரத்தைப் பார்த்து நல்லதுதான் என்று நம்பினேன். குலுக்கிப் பார்க்கச் சொன்னவர் மூத்த செவிலியர் அக்கா. அடியில் வண்டல் இறங்கியது, மருந்து உறைந்துபோனதற்கு அடையாளம். இப்போதும் நினைத்தால் பதறும். அப்புறம் ஐஸ் பேக் வியர்த்து, ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே வைக்காமல் அடுக்குவதே இல்லை.

பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), தட்டம்மை போன்ற பவுடர் மருந்துகளில் இது மூடியில் இருக்கும். திறந்தால் மூடியோடு போய்விடும். கரைத்த பிறகு 4 மணி நேரம்தான் என்பதால் திறந்த நேரத்தைக் குப்பியில் நாம்தான் எழுத வேண்டும்.

புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளுக்கு: மங்கலான அறையில் நிறம் பார்க்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுபோங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடமும் காட்டுங்கள். குப்பிகளை ஜிப் கவரில் போட்டு வையுங்கள். தண்ணீரில் ஊறினால் லேபிள் கழன்றுவிடும், லேபிள் போன குப்பியைப் போட முடியாது.