விழுவதற்கு மாதம் 2,500 ரூபாய்

போன வருஷம் அம்மா ஆம்பூர் வீட்டுப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். விழும்போது கையை ஊன்றிவிட்டார், மணிக்கட்டு போய்விட்டது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "விழுந்ததுல ஒண்ணும் ஆகலை, கைய ஊன்னதுலதான் ஒடிஞ்சது" என்றார். அது என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. எனக்கு 46 வயது. ஒழுங்காக விழுவதற்கு யாராவது சொல்லித்தருவார்களா என்று தேடித்தான் பெங்களூர் அல்சூரில் இருக்கும் இந்த ஐக்கிடோ (ஜப்பானியத் தற்காப்புக் கலை) வகுப்புக்குப் போனேன். எட்டு மாதம் ஆகிறது.

ஏரிக்கரை வள்ளுவர் சிலையிலிருந்து நடக்கிற தூரம். (18 வருஷம் மூடியே கிடந்து 2009-இல் திறந்தார்களே, அதே சிலைதான்.) பழைய கட்டடம், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. செவ்வாய், வியாழன் மாலையிலும் சனிக்கிழமை காலை 7 மணிக்கும் வகுப்பு.

சேரும் முன் நான் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் சான்றிதழ் எங்கிருந்து வருகிறது?" காரணம் இருக்கிறது. என் மகளை முன்பு ஒரு கராத்தே வகுப்பில் விட்டிருந்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், பெல்ட்டுக்கு ஒரு கட்டணம், தங்க எழுத்தில் சான்றிதழ். அதில் 'உலக' என்ற சொல் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. அந்த உலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் மாஸ்டருக்கே தெரியவில்லை.

இங்கே சென்செய் (ஆசிரியர்) தயங்காமல் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தோக்கியோவின் ஷிஞ்சுகு பகுதியில் இருக்கும் ஐக்கிகாய் என்ற ஐக்கிடோ அமைப்பின் தலைமையகம் கறுப்புப் பெல்ட்காரர்களுக்குத் தருகிற பதிவுப் புத்தகம் அது. சுவரில் படமாக இருக்கும் தாடிக்காரப் பெரியவர் மொரிஹெய் உவெஷிபா, ஐக்கிடோவை உருவாக்கியவர், 1969-இல் காலமானார். அவருக்குப் பின் மகன், 1999 முதல் பேரன் மொரிதெரு என்று தலைமை குடும்பத்திலேயே போகிறது. நம் ஊர் பரம்பரை தர்மகர்த்தா மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பல நாட்டுக் குழுக்களைச் சேர்த்து 1976-இல் சர்வதேசக் கூட்டமைப்பும் ஆரம்பித்திருக்கிறார்கள். கீழ்நிலைத் தேர்வுகளை இங்கேயே நடத்துவார்கள்; கறுப்புப் பெல்ட் என்றால் பெயர் தோக்கியோவில் பதிவாக வேண்டும். கறுப்புப் பெல்ட்டுக்குக் கீழான நிலைகளுக்குக் கியூ என்று பெயர், ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி வரும்; முதல் படியான ஐந்தாம் கியூவுக்கே குறைந்தது 30 நாள் பயிற்சி. பாயில் நின்ற நாள்தான் கணக்கு, காலண்டர் நாள் இல்லை. எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

போட்டி கிடையாது. ஐக்கிடோவின் இன்னொரு பிரிவான டோமிகி வழியில் உண்டாம், ஐக்கிகாயில் இல்லை. "அப்ப மெடலே கிடையாதா?" என்று கேட்ட மகள் அதோடு ஆர்வத்தை விட்டுவிட்டாள்.

சரி, விழுவதற்கு வருவோம். இதற்கு உகெமி என்று பெயர். முதல் மாதம் முழுக்க ஏறக்குறைய இதுதான். பின்பக்கம் விழும்போது ஒரு காலை மடித்து, முதுகை வளைத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் மேலே பார்த்துவிடுவேன். "மேடம், பெல்ட் முடிச்சப் பாருங்க, ஃபேனப் பாக்காதீங்க" என்பார் சென்செய். கை பின்னால் ஊன்றப் போகும். அதைத் தடுக்கத்தான் பெரிய பாடு. 46 வருஷப் பழக்கம் லேசில் விடுமா? இரண்டு வாரம் கைகளை நெஞ்சின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டே விழவைத்தார். முன்பக்க உருளல் குட்டிக்கரணம் இல்லை. சுண்டுவிரல் ஓரத்தில் ஆரம்பித்து, முழங்கை, தோள், அங்கிருந்து முதுகில் சாய்வாக எதிர்ப்பக்க இடுப்பு வரை, வண்டிச்சக்கரம் மாதிரி. தலை தரையில் படவே கூடாது. ஒரு வியாழக்கிழமை சத்தமே வராமல் உருண்டு எழுந்தேன். யாரும் கவனிக்கவில்லை, எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

தற்காப்புக்காக வருகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். எதிரில் இருப்பவர் மணிக்கட்டைப் பிடிப்பார், நாம் திரும்புவோம், அவர் விழுவார். அவர் விழச் சம்மதித்துத்தான் வந்திருக்கிறார். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பர்ஸைப் பிடுங்குகிறவன் அப்படிச் சம்மதிப்பானா தெரியாது.

குறைகள் உண்டு. பாய்களின் இணைப்பு விலகி, இடுக்கில் என் கால் சுண்டுவிரல் மாட்டி வீங்கியது. இரண்டு தடவை சொன்ன பிறகு டேப் ஒட்டினார்கள், அதுவும் உரிகிறது. புதியவர்களுக்குத் தனி வகுப்பு இல்லை. ஆறடி ஐடி பையன்கள் உடும்புப்பிடி பிடித்துவிட்டு "ரிலாக்ஸ் ஆன்ட்டி" என்கிறார்கள். பெண்கள் உடை மாற்றும் இடம் உண்மையில் துடைப்பமும் பக்கெட்டும் வைக்கிற அறை. முழங்காலால் நடக்கிற சிக்கோ என்ற பயிற்சி முட்டியைப் பதம் பார்க்கும். முட்டி சரியில்லாதவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நின்றபடி செய்ய விடுவார்.

"விழறதுக்காடி மாசம் 2,500 குடுக்கற?" என்று அம்மா போனில் சிரித்தார். பொங்கலுக்குப் போனபோது கட்டிலில் உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொண்டு மெத்தையில் மெதுவாகச் சாயச் சொல்லிக்கொடுத்தேன். வேண்டாவெறுப்பாகச் செய்தார். மறுநாள் மத்தியானம் கதவிடுக்கில் பார்த்தால், தனியாகச் செய்துகொண்டிருக்கிறார்.

முதல் வகுப்பு இலவசம். வெள்ளை உடை உடனே வாங்க வேண்டாம், டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போதும். சுடிதார் டாப் உருளும்போது முகத்தை மூடிக்கொள்ளும். வளையல், கொலுசு, மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியை நான் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொள்கிறேன்.