எண்ணெயே இல்லாத ரேக்கில் 'லீக்': 1,280 வெள்ளி போன கதை

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் புளோக் கார்பார்க்கில் ஒரு ஹம்ப் (வேகத்தடை) இருக்கிறது. ஜனவரியில் அதன்மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். வண்டிக்கு 13 வயது, சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பள்ளி விடுமுறைக்கு மலாக்கா போவதாக ஏற்பாடு, அதற்குள் பார்த்துவிடலாம் என்று காக்கி புக்கிட்டில் ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர் யாரும் சொல்லிப் போகவில்லை, அலுவலகத்துக்குப் பக்கம் என்பதுதான் ஒரே காரணம்.

வண்டியைத் தூக்கினார்கள், சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார்கள். பிறகு என்னை அடியில் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார் அந்த ஆள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களைத் திருப்பும் பாகமான ஸ்டீயரிங் ரேக்கின் கீழே பளபளவென்று ஈரம். "பாஸ், ரேக் லீக். பவர் ஸ்டீயரிங் ஆயில். ஹைவேயில் இறுகிக்கொண்டால் திருப்பவே முடியாது." பின் சீட்டில் குழந்தைகளின் இருக்கைகள் இருந்ததை அவர் பார்த்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. புது ஒரிஜினல் ரேக், கூலியோடு 1,280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நான் பேரம்கூடப் பேசவில்லை.

பக்கத்துக் காபிக்கடையில் ஒரு தே குடித்து, தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வண்டி தயார். மொத்தம் ஒன்றரை மணி நேரம். 'வேகமான ஆட்கள்' என்று மெச்சிக்கொண்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

மூன்றாவது வாரம் அதே ஹம்ப், அதே டொக் டொக். கூடவே ஒரு புதுத் தொல்லை: பிஐஇ விரைவுச்சாலையில் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சற்று இடப்பக்கம் சாய்ந்தே நின்றது.

இந்த முறை மச்சான் சொன்ன இடத்துக்கு, சின் மிங்கில் முப்பது வருடமாக வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் வண்டியைத் தூக்கவே இல்லை. பானட்டைத் திறந்தார்.

"தம்பி, பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா எங்க இருக்கு, காட்டுங்க."

தேடினேன். இல்லை.

"இருக்காது. உங்க வண்டி இபிஎஸ், மின்சார மோட்டார்ல வேலை செய்யுற பவர் ஸ்டீயரிங். மோட்டார் டேஷ்போர்டுக்குள்ள, ஸ்டீயரிங் கம்பத்துல இருக்கு. ரேக்குல வெறும் கிரீஸ்தான். இல்லாத ஆயில் எப்படி லீக் ஆகும்?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பத்து வருடமாக ஓட்டும் வண்டி!

அப்புறம்தான் தூக்கினார். ரேக்கின் கீழ்ப்பக்கம் புதுக் கறுப்பு. ஃபோனை மேலே நுழைத்துப் படம் எடுத்துக் காட்டினார்: மேல்பக்கம் பழைய தூசியும் துருவும் அப்படியே இருந்தன. கழற்றாமல் கீழிருந்தே ஸ்ப்ரே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். போல்ட்டுகளின் தலைமீதும் பெயிண்ட், எதிலும் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. இந்த மாடலில் ரேக்கை எடுக்க சப்ஃபிரேமை (முன்பக்க அடிச்சட்டத்தை) இறக்க வேண்டுமாம், ஒன்றரை மணி நேரத்தில் நடக்காது என்றார். அன்று நான் பார்த்த ஈரம் வேறு எங்கோ கசிந்த எஞ்சின் எண்ணெயா, துணியால் தடவியதா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

சத்தத்துக்குக் காரணம் இரண்டு ஸ்டெபிலைசர் லிங்குகள், அதாவது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பிகள். ஹம்பில் மட்டும் தட்டினால் முதலில் அதையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பரையும்) பார்க்க வேண்டும் என்றார். ரேக் போயிருந்தால், வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது ஆட்டினாலே தளர்வோ தட்டலோ தெரியும். என் வண்டியில் அப்படி ஒன்றுமில்லை. ரேக்கின் வலப்பக்க முனையை மூடும் ரப்பர் உறை (பூட்) மட்டும் கிழிந்திருந்தது. அது வழியாக மழைத் தண்ணீரும் மணலும் போனால் உள்ளே இருக்கும் டை ராடும் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) ரேக்கும் உண்மையாகவே கெட்டுப்போகும். அதையும் மாற்றினார்.

ஸ்டீயரிங் சாய்ந்ததற்கும் விடை கிடைத்தது. வேலை செய்ததாகக் காட்டவோ என்னவோ, டை ராடை மட்டும் திருகியிருக்கிறார்கள். அதன் நீளம் மாறினால் சக்கரம் நிற்கும் கோணமும் மாறும், அலைன்மென்ட் கட்டாயம். எனக்குச் செய்யவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முன் டயர்களின் ஓரம் தேய்ந்திருக்கும். லிங்குகள், பூட், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 230 வெள்ளிதான் ஆனது.

பழைய இடத்துக்குப் போய்க் கேட்டேன். "பழைய பார்ட்டா? தூக்கிப் போட்டாச்சு." பில்லை எடுத்துப் பார்த்தால் 'ஸ்டீயரிங் ரேக், 1 செட்' என்று மட்டும்தான் இருந்தது. புதியதா, மாற்றினார்களா, பார்ட் நம்பர் என்ன, எதுவும் இல்லை. பணம் கட்டும்போது நான் அதைப் படிக்கவே இல்லை, அது என் தப்பு.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்னுடையது 5,000-க்குள் இருந்ததால் கட்டணம் 10 வெள்ளி. எல்லாம் இணையத்திலேயே. அண்ணன் எடுத்த படங்களையும் அவர் எழுதிக் கொடுத்த குறிப்பையும் இணைத்தேன். விசாரணை வரை போகவில்லை. முதல் கலந்தாய்வுக்கு முந்தைய நாள் அவர்களே கூப்பிட்டு 900 வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். முழுத் தொகைக்கும் நின்றிருக்கலாம். மனைவி, "போதும், லீவு போட்டு அலையாதீங்க" என்றாள். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

கறுப்புப் பெயிண்ட் பூசிய அந்தப் பழைய ரேக்தான் இன்னும் வண்டியில் இருக்கிறது. போன மாதம் வருடாந்திரச் சோதனையில் ஒரு குறையும் இல்லாமல் பாஸாகிவிட்டது.