வீட்டில் இரண்டு நெட், ஒரே நெட்வொர்க்: சில வருட அனுபவம்

இரண்டு கனெக்‌ஷன் போட்டால் ஸ்பீடு இரண்டு மடங்காகுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆகாது. 100 எம்பிபிஎஸ் லைன் இரண்டு இருந்தாலும், ஒரு ஃபைலை இறக்கினால் அது ஏதோ ஒரு லைனில்தான் வரும். டோரன்ட் மாதிரி பல துண்டாக இழுப்பவைதான் இரண்டையும் பயன்படுத்தும். ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்று ஓட வேண்டும், எனக்குத் தேவை அவ்வளவுதான்.

சென்னையில் எங்கள் மடிப்பாக்கத்தில் ஃபைபர் எல்லாம் தெருவிளக்குக் கம்பத்திலும் மொட்டைமாடியிலும் தொங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறது. லோடு லாரி ஒன்று உரசிப் போனால் ஓஎன்டியில் (ஃபைபர் வந்து சேரும் வீட்டுப் பெட்டி) எல்ஓஎஸ் விளக்கு, அதாவது சிக்னல் இல்லை என்று காட்டும் விளக்கு, சிவப்பாகச் சிமிட்டும். அறுந்த ஃபைபரை ஒட்டவைக்க (ஸ்ப்ளைசிங்) ஆள் வர மறுநாள் ஆகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வேறு கம்பெனி ஃபைபர் வைத்திருக்கிறார். ஆனால் இரண்டும் ஒரே கம்பத்தில் ஒரே கட்டாக வருவதால் அறுந்தால் சேர்ந்தே அறுகின்றன. அதனால் இரண்டாவது லைன் எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் (டவரிலிருந்து 5ஜி சிக்னலில் வரும் வீட்டு நெட்) சென்னைக்கு வந்தபின் இது சுலபமாகிவிட்டது. நான் வைத்திருப்பதும் அப்படி 5ஜியில் வரும் ஒரு லைன்தான்.

ஆரம்பத்தில் தனி கருவி எதுவும் வாங்கவில்லை. இரண்டு ரூட்டரையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சில் (பல லேன் கேபிளை இணைக்கும் பெட்டி) செருகி, ஒன்றுக்கு 192.168.1.1, மற்றதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, இரண்டாவதில் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டேன். அணைக்காவிட்டால் எந்த போனுக்கு எந்த ரூட்டர் முகவரி கொடுக்கும் என்று சொல்லவே முடியாது. ஃபைபர் போனால் லேப்டாப்பில் கேட்வேயை (நெட்டுக்குப் போகும் வாசலாக இருக்கும் ரூட்டரின் முகவரி) 192.168.1.2 என்று கையால் மாற்ற வேண்டும். செலவில்லாத வழி, எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஆபீஸில் இருக்கும்போது லைன் போய்விட்டால், அம்மாவுக்கு போனில் கேட்வே என்றால் என்னவென்று விளக்கி முடிப்பதற்குள் சீரியலே முடிந்துவிடும்.

பிறகுதான் இரண்டு லைனையும் ஒன்றாகக் கையாளும் டிபி-லிங்க் ஈஆர்605 ரூட்டர் வாங்கினேன். இதில் வைஃபை கிடையாது. பழைய ரூட்டரை ஆக்ஸஸ் பாயின்ட்டாக (வைஃபை மட்டும் தரும் கருவியாக) மாற்றி அதன் பின்னால் மாட்டிக்கொண்டேன். ஃபைபரை முதன்மையாகவும் 5ஜியை மாற்றாகவும் வைத்திருக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். வெளியே ஃபைபர் அறுந்தாலும் ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் நடுவே இருக்கும் லேன் கேபிள் உயிரோடுதான் இருக்கும், போர்ட் விளக்கும் பச்சையாகவே எரியும். ரூட்டரும் நெட் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கலாம். ஆன்லைன் டிடெக்‌ஷன் என்ற இடத்தில் 8.8.8.8 மாதிரி வெளி முகவரி ஒன்றை பிங் செய்து (பதில் வருகிறதா என்று) பார்க்கச் சொல்லிவிட்டால் லைன் தானாக மாறும்.

மாறும்போது வீடியோ கால் சில நொடி உறையும், ஆபீஸ் விபிஎன் ஒருமுறை அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும். யூடியூபுக்குத் தெரியவே தெரியாது. லோடு பேலன்ஸிங்கும் (இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்துவது) கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தேன். நடுவில் ஐபி முகவரி மாறுவதால் பேங்க் சைட் ஓடிபி கேட்கும் நேரத்தில் வெளியே தள்ளிவிடுகிறது. எடுத்துவிட்டேன்.

5ஜி லைனில் குறை இல்லாமல் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வேகம் இறங்கும். சிஜிநாட் (பல வீடுகளுக்கும் ஒரே வெளி முகவரி) என்பதால் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது ரூட்டரில் வழி திறந்துவிட்டு, வெளியிலிருந்து வீட்டுக் கேமரா பார்க்க முடியாது. கிளவுட் வழியாக வரும் கேமரா என்றால் பிரச்சினை இல்லை.

கரண்ட் போனால் இந்த ஏற்பாடு முழுக்க வீண் என்பதால் மினி யுபிஎஸ் அவசியம். வாங்குமுன் ஒவ்வொரு அடாப்டரிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படித்துவிடுங்கள். என் வீட்டில் ஓஎன்டிக்கு 12, ரூட்டருக்கு 9. இரண்டு வோல்ட்டும் தரும் மாடலாகப் பார்த்து வாங்கினேன். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி ஏரியாவே தண்ணீரில் நின்று, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் டவரும் படுத்துவிட்டால் எத்தனை லைன் இருந்தும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது லைனுக்கு இருப்பதிலேயே குறைந்த பிளான் போதும். முடிந்தால் மாதாமாதம் கட்டுங்கள், வருஷக் கணக்கில் முன்பணம் கட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம்.